ஜி. என். ராமச்சந்திரன்

ஜி. என். ராமச்சந்திரன் (8 அக்டோபர் 1922 – 7 ஏப்ரல் 2001) கொலாஜன் என்னும் புரதத்துக்கு மூவிழைச் சுருள் வடிவத்தை முன்வைத்த இயற்பியலாளர். இந்தியாவில் மூலக்கூறு உயிரியற்பியலை வேரூன்றச் செய்தவர். புரத அமைப்பைப் படிக்கும் மாணவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இவர் பெயரால் வழங்குகிறது. இந்த இரண்டு வேலைகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நடந்தவை.

இவர் பிறந்தது எர்ணாகுளத்தில். தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். விரைவிலேயே சி. வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறிவிட்டார். படிகங்களின் ஒளியியலும் எக்ஸ் கதிர் ஆய்வும் அங்கே கைவந்தன. 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் படிகவியலாளர் வூஸ்டரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952-இல், முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பேராசிரியரும் தலைவரும் ஆனார்.

அந்த ஆண்டு சென்னை வந்த பிரித்தானியப் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பை இதுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது கொலாஜன். தோல் பதனிடும் தொழிலுக்கும் அதுதான் மூலப்பொருள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கே கிடைத்த மாதிரிகளில் கங்காரு வால் தசைநாண் நல்ல எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் வேலையில் இறங்கினார்கள்.

அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது ஓர் எளிய விகிதம். கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பக்கக் கிளையாக அதற்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் நெருக்கிக்கொண்டு ஓடினால் நடுவில் வேறெதற்கும் இடமிருக்காது, கிளைசினுக்கு மட்டும் இருக்கும். இந்த யோசனையுடன் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் முதல் மாதிரி வெளிவந்தது. எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டிய அளவுகளோடு அது முழுதும் பொருந்தவில்லை. மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று கயிறுபோல முறுக்கிக்கொள்வதாகத் திருத்தி, 1955-இல் மறுபடி எழுதினார்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது. மூலக்கூறு அமைப்பு ஆய்வாளர்களான அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மூவிழை என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்பும் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டல்ல, ஒன்றுதான் என்றார்கள். நேரடிப் பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதே நிலைத்தது. அடிப்படை வடிவத்தை முதலில் சொன்ன பெருமை சென்னைக்குரியது.

இந்த எதிர்ப்பிலிருந்துதான் இவருடைய ஆகப்பெரிய வேலை பிறந்தது என்று சொல்ல வேண்டும். அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் அதிகம்? இதற்குத் தீர்ந்த விடை அப்போது யாரிடமும் இல்லை. ராமச்சந்திரன் வாதாடிக்கொண்டிருக்காமல், அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமில, பெப்டைடுப் படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டி, எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டத்தில் நிற்கலாம் என்று வரம்பு வகுத்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரும் உடன் உழைத்தார்கள்.

புரதச் சங்கிலியைச் சீட்டுக்கட்டின் சீட்டுகளை மூலையோடு மூலை கோத்துத் தொங்கவிட்டது போல நினைக்கலாம். ஒவ்வொரு சீட்டும் தட்டையானது, வளையாது. இரண்டு சீட்டுகள் சேரும் மூலையில் ஒரு கார்பன் அணு. அதற்கு இந்தப்பக்கம் ஒரு சுழற்சி, அந்தப்பக்கம் ஒரு சுழற்சி. இந்த இரு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஃபையைக் கிடைமட்டத்திலும் சையைச் செங்குத்திலும் 360 பாகைக்குக் குறித்தால் ஒரு சதுரம் வரும். சதுரத்தின் புள்ளி ஒவ்வொன்றும் சங்கிலியின் ஒரு நிலை. ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதில் இடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். இடிக்கும் நிலைகளை நீக்கியதும் சதுரத்தில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. மிஞ்சிய சில திட்டுகளுக்குள்தான் புரதங்களில் வழக்கமாகக் காணும் ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு ஆகிய வடிவங்களும் கொலாஜனும் விழுகின்றன. பக்கக் கிளையாக ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட கிளைசின் மட்டும் மற்றவை போக முடியாத இடத்துக்கும் போகும். இதுவே ராமச்சந்திரன் வரைபடம்; 1963-இல் ஐந்தே பக்கக் கட்டுரையாக வந்தது. அப்போது முழு அமைப்பும் தெரிந்த புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதை நினைத்தால் இதன் துணிவு விளங்கும். இன்றும் ஒரு புதிய புரத அமைப்பு வெளியாகும் முன் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. விலக்கப்பட்ட பகுதியில் புள்ளிகள் நிறைய விழுந்தால் எங்கோ பிழை என்று பொருள்.

1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டு விலகி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரை வேறொரு துறைக்குப் போய்ச் சேர்ந்தது: பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்புறப் படத்தை விரைவாகக் கணக்கிட்டு மீட்கும் வழி அது. சி.டி. ஸ்கேன் கருவிகளின் கணக்கீட்டில் அவ்வழி இடம்பிடித்தது.

1961-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் இவால்ட் பரிசு ஆகியவை இவருக்குக் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை. அது கிடைத்திருக்க வேண்டியது என்று எண்ணுவோர் இத்துறையில் பலர். கர்நாடக இசையிலும் இந்தியத் தருக்கத்திலும் ஈடுபாடு உண்டு. பிற்காலத்தில் தருக்கத்தைக் கணித வடிவில் எழுத முயன்றார். மனைவி ராஜலட்சுமி 1998-இல் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்ட ராமச்சந்திரன் சென்னையில் காலமானார். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ‘ட்ரிபிள் ஹீலிக்ஸ்’ (மூவிழைச் சுருள்) என்று பெயர்.