சிவப்புக்கு அப்பால்

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், வானநூலறிஞர் வில்லியம் ஹெர்ஷல் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியில் வெப்பம் மிகுதியாக ஏறிற்று. அகச்சிவப்புக் கதிர் அன்று அறியப்பட்டது.

அக்கதிரைக் காணும் வெப்பப் படக்கருவி, இன்று இருளிலும் புகையிலும் ரோபோவுக்குக் கண்ணாகிறது. அறியாத இடத்தின் நிலப்படத்தை வரைந்துகொண்டே, அதில் தன் இருப்பிடத்தையும் பொறி தானே கணிக்கும் முறைக்கு 1986ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ மாநாடொன்றில் வித்திடப்பட்டது.

ஆயினும், திறந்தவெளியில் ஓர் இடர் உண்டு. பகலில் வெயிலேற்ற சுவர் இரவில் குளிர்கிறது. வைகறையிலும் அந்தியிலும் மண்ணும் மரமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையை எய்த, காட்சி மங்குகிறது. நண்பகலில் வரைந்த படத்தை நள்ளிரவில் அடையாளம் காணாது பொறி திகைக்கிறது. இவ்விடர் தீர்ந்தால், இருளில் சிக்குண்டோரைத் தேடிச் செல்லும் பொறி வழிதவறாது. அப்பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது.