வீழ்ந்ததா, வீழ்த்தப்பட்டதா? – படவேடும் அழிவுச் சொற்களும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தே அமைந்த படவேட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் 'அழிந்த தலைநகர்' என்னும் தொடரோடு தொடங்குவர். ஆங்கிலத்தில் எழுதுவோர் 'ரூயின்ஸ்' என்று முடிப்பர். இன்னும் சிலர் ஒருபடி மேலே சென்று, 'பகைவரால் அழிக்கப்பட்ட நகர்' என்பர். இம்மூன்றும் ஒரே செய்தியைக் கூறுவன அல்ல. சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தார் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், ஒரு சொல் வரலாற்றை எவ்வாறு திருப்பிவிடும் என்பதை இவ்வூரை முன்வைத்து எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

முதலில் ஆங்கிலச் சொற்களின் வேரை நோக்குவோம். 'ரூயின்' என்பது 'விழுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. 'டிஸ்ட்ராய்' என்பதோ 'கட்டுதல்' என்னும் வினையின் எதிர்மறை. கட்டியதைக் குலைத்தல் என்பது அதன் அடிப்பொருள். முன்னதில் கட்டடம் தானே சாய்கிறது. பின்னதில் ஒரு கை அதனைச் சாய்க்கிறது. இன்றைய வழக்கிலும் இவ்வேறுபாட்டின் நிழல் உண்டு. 'ரூயின்ஸ்' எனப் பன்மையிற் கூறினால் காலம் தின்ற பழங்கட்டடங்கள் நினைவுக்கு வரும். 'டிஸ்ட்ரக்‌ஷன்' என்றால் 'யார் செய்தது?' என்னும் வினா உடன் எழும்.

'டெசொலேட்' என்பதன் உள்ளே 'தனிமை' என்னும் பொருள் இருக்கிறது. மனிதர் நீங்க, இடம் தனித்து நிற்றல். 'டிலாப்பிடேட்' என்பதன் உள்ளே இருப்பது 'கல்'; கற்கள் சிதறிக் கிடக்கும் நிலை. 'ஆப்லிட்டரேட்' என்பதன் உள்ளே இருப்பது 'எழுத்து'. எழுத்தை அழித்து இல்லாமற் செய்தல். ஆகவே, இவற்றை ஒன்றற்கு மற்றொன்றாக இட்டெழுதுதல் பிழையாகும்.

தமிழ் இவ்வேறுபாட்டுக்காக வேறு வேறு வேர்களைத் தேட வேண்டுவதில்லை. அழிந்தது – அழித்தான், சிதைந்தது – சிதைத்தான், இடிந்தது – இடித்தான் எனத் தன்வினை பிறவினைகளால் ஓரெழுத்து மாற்றத்திலேயே அதனைக் காட்டிவிடும். அவ்வோர் எழுத்து, குற்றம் சாட்டவும் செய்யும். குற்றத்தை மறைக்கவும் செய்யும்.

பிறவினை முற்றிலும் பொருந்தும் இடம் தமிழக வரலாற்றில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டி, கழுதை ஏர் பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவன் மெய்க்கீர்த்தியே பெருமை பேசுகிறது. பட்டினப்பாலைக்காகப் புலவர் உருத்திரங்கண்ணனார்க்கு அளிக்கப்பட்ட பதினாறுகால் மண்டபம் ஒன்றை மட்டும் அவன் விட்டுவைத்தான் எனத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டுக் கூறும். ஈண்டு 'அழித்தான்' என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அழித்தவனே ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டிவைத்திருக்கிறான்.

படவேட்டின் கதை அத்தகையதா? படைவீடு என்பதே இவ்வூரின் பழம்பெயர். சோழர்க்கு அடங்கிய குறுநிலத் தலைவராக இருந்த சம்புவராயர், சோழப் பேரரசு தளர்ந்தபின் வலிமை பெற்றனர். இராசகம்பீர இராச்சியம் என வழங்கிய அவர்தம் நாட்டுக்குப் படைவீடு தலைநகராய் விளங்கியது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்து சம்புவராயரை வென்றான். இப்போரை அவன் தேவி கங்காதேவி 'மதுரா விசயம்' என்னும் வடமொழிக் காவியத்தில் பாடியுள்ளார். சம்புவராயர் ஆட்சி வீழ்த்தப்பட்டது என்பது உண்மை. அங்கே பிறவினை தகும்.

ஆயின் நகரும் அப்போதே அழிக்கப்பட்டதா? வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டு ஒன்று விடை தருகிறது. இரண்டாம் தேவராயர் காலத்தில், சக ஆண்டு 1347இல் (கி.பி. 1425-26) வெட்டப்பட்டது அது. படைவீட்டு இராச்சியத்து அந்தணருள் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் எனப் பல பிரிவினரும் கூடி, இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாகவே நடத்துவது, பெண்ணுக்குப் பொன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்று உடன்பட்டதை அது தெரிவிக்கிறது. போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் படைவீடு ஓர் இராச்சியத்தின் பெயராக நின்றது. அதன் பெயரால் மக்கள் கூடினர். மகள் மணத்தைப் பற்றிக் கவலையுற்றனர். அழிக்கப்பட்ட நாட்டின் செயலன்று இது.

அங்ஙனமாயின் கோயில்கள் மண்ணுள் போனது எப்படி? மண்மாரி பொழிந்து ஊரை மூடியது என்பது ஊரார் வழக்கு. மலைச்சரிவின் மண்ணை மழைநீர் ஆண்டுதோறும் அரித்துக் கொணர்ந்து பள்ளத்தாக்கில் சேர்த்திருக்கும். தலைநகர் என்னும் நிலை நீங்கியபின், சேர்ந்த மண்ணை அகற்றுவார் குறைந்திருப்பர். பல நூற்றாண்டுச் செயலை ஓர் இரவின் செயலாக்கி, மக்கள் மண்மாரி என்றனர் எனக் கொள்வதே பொருந்தும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1992-93இல் இங்கு அகழாய்வு நடத்தியது. புதைந்தும் சிதைந்தும் கிடந்த கோயில்கள் பல அண்மைக் காலத்தில் திருப்பணி கண்டுள்ளன.

இனி அந்த ஆங்கிலச் சொற்களை இவ்வூரில் வைத்து அளந்து பார்க்கலாம். கற்கள் சிதறின, ஆதலின் 'டிலாப்பிடேட்' பொருந்தும். 'டெசொலேட்' பொருந்தாது, ஆடி வெள்ளிதோறும் ரேணுகாம்பாள் சந்நிதியில் திரளும் கூட்டமும், சூழவுள்ள நெல்லும் வாழையும் அதனை மறுக்கும். 'ஆப்லிட்டரேட்' சிறிதும் பொருந்தாது. எழுத்துகள் எஞ்சியமையால்தான் இந்நகரை நாம் அறிகிறோம். தலைநகர்ப் பெருமையைக் கருதினால் 'ரூயின்' என்பது தகும். நகர் முழுவதையும் கருதி 'டிஸ்ட்ராய்' என எழுதச் சான்றில்லை.

அழிவைப் பாடுதல் கவிஞர்க்கு எளிது. அதன் ஓசையே உள்ளத்தை உருக்கும். எனினும் 'அழித்தனர்' என்று எழுதுமுன், அக்கை யாருடையது எனக் கேட்டல் வேண்டும். கை இல்லாத இடத்தில் கையை வைத்தால், செய்யாத குற்றம் ஒருவர் தலையில் ஏறும். தலைமுறைகள் அப்பகையைச் சுமக்கும். கை இருந்த இடத்தில் 'அழிந்தது' என்றெழுதினால், பட்டவர் துயரம் பேசப்படாமலே போகும். படவேட்டைப் பொறுத்தவரை, அரசு வீழ்த்தப்பட்டது, நகர் மெல்லத் தளர்ந்து மண்ணுள் புதைந்தது, ஊர் வாழ்கிறது. மூன்று எழுவாய்க்கு மூன்று வினை வேண்டும். அவற்றை ஒன்றாக்காது எழுதுவதே வரலாற்றுக்கும் கவிதைக்கும் நாம் செய்யும் நேர்மை.