ஆணியைக் கழற்றியவர்கள்

மவுத் ஓர்கனை நாங்கள் பெரும்பாலும் ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கிறோம். சட்டைப் பொக்கற்றுக்குள் அடங்கும். யார் ஊதினாலும் ஏதோவொரு சத்தம் வரும். பழுதானால் எறிந்துவிட்டு வேறொன்று வாங்கலாம். அதைச் செய்து விற்றவர்களும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் எறிய மனமில்லாத சிலபேர் அதை வீட்டு மேசையில் வைத்துத் திறந்து பார்த்தார்கள். அந்த வாத்தியத்தின் வரலாற்றில் பாதி அவர்களுடையது.

ஜேர்மனியின் தென்மேற்கில் ட்ரொசிங்கன் என்று ஒரு சின்ன ஊர். மணிக்கூடு செய்யும் தொழிலில் இருந்த மத்தியாஸ் ஹோனர் 1857 இல் அங்கே ஹார்மோனிக்கா செய்யத் தொடங்கினார். முதல் வருசம் செய்தது 650. 1887 அளவில் அது வருசத்துக்குப் பத்து இலட்சமாகிவிட்டது. எல்லாமே தொழிற்சாலைக்குள் நடந்த வேலை இல்லை. ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தபடியே கூலிக்குச் சில வேலைகளைச் செய்து கொடுத்தார்கள். செய்ததில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

1896 இல் ஹோனரின் 'மரீன் பாண்ட்' வந்தது. பத்துத் துளை, இருபது ரீட். ரீட் என்றால் காற்றுப்பட்டு அதிர்கிற மெல்லிய பித்தளை நாக்கு. நடுவில் மரச் சீப்பு, அதன் மேலும் கீழும் ரீட் பொருத்திய தகடுகள், வெளியே உலோக மூடிகள். எல்லாத்தையும் சின்னச் சின்ன ஆணிகளால் அடித்து இறுக்கினார்கள். அந்த ஆணியைக் கவனியுங்கள். ஸ்குரூ போட்ட சாமான் திறக்கிறதுக்கு. ஆணி அடித்த சாமான் அப்படியில்லை.

இந்த வாத்தியத்தின் சுர ஒழுங்கு ஐரோப்பிய நாட்டுப் பாடல்களுக்காக அமைக்கப்பட்டது. சில சுரங்களே அதில் இல்லை. 'சி' சுருதி ஹார்மோனிக்காவின் கீழ் ஸ்தாயியில் 'எஃப்', 'ஏ' இரண்டும் கிடையாது. அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கலைஞர்கள் இதை வேறுவிதமாகப் பிடித்தார்கள். 'சி' ஹார்மோனிக்காவை 'ஜி' சுருதியில், ஊதுவதைவிடக் காற்றை உள்ளே இழுத்து வாசித்தார்கள். வாயின் உள் வடிவத்தை மாற்றி இழுக்கும்போது ஒரே அறையில் இருக்கும் இரண்டு ரீட்டும் ஒன்றையொன்று பாதித்து, சுரம் கீழே வளையும். இல்லாத சுரங்கள் அப்படித்தான் பிறந்தன. ப்ளூஸ் இசையின் அந்த அழுகைக் குரலும் அங்கேயிருந்துதான் வந்தது.

இப்படி வாசிக்க, காற்று வேறெங்கும் கசியக்கூடாது. அதனால் பல வாசிப்பாளர்கள் ஹார்மோனிக்காவைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். மரம் ஊதிப்போய் இடைவெளியை அடைக்கும், சத்தமும் கூடும். காய்ந்தால் அதே மரம் சுருங்கி வெடிக்கும். ஊதித் துருத்திய சீப்புப் பல்லு உதட்டைக் கிழிக்கும். அதைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி வாசித்தார்கள்.

அடுத்த பாய்ச்சல் 'ஓவர்ப்ளோ'. ஊதும்போது ஊதும் ரீட்டை அடக்கி, இழுக்கும் ரீட்டைப் பேசவைக்கிற வித்தை அது. 1929 இல் ப்ளூஸ் பேர்ட்ஹெட் பதிவுசெய்த ஒரு பாட்டிலேயே அது கேட்கிறது. ஆனால் 1970 ஐ ஒட்டி ஹவார்ட் லெவி அதை ஒரு முறையாக வளர்த்தெடுத்த பிறகுதான், பத்துத் துளைக்குள் விடுபட்ட எல்லாச் சுரத்தையும் எடுக்கலாம் என்று தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், பெட்டியில் வந்தபடியே எடுத்து வாசித்தால் பெரும்பாலான ஹார்மோனிக்காக்கள் இதற்குச் சரிவராது.

ஆகவே ஆணியைக் கழற்றினார்கள். அமெரிக்காவில் ஜோ ஃபிலிஸ்கோ போன்றவர்கள் மரீன் பாண்டைப் பிரித்து, சீப்பைத் தட்டையாகத் தேய்த்து, ஈரம் ஏறாதபடி பூச்சுப் பூசி, ஸ்குரூ போட்டு மறுபடி பூட்டினார்கள். லெவி வாசித்தவற்றில் ஃபிலிஸ்கோ செய்து கொடுத்தவையும் உண்டு. 1983 இல் லீ ஒஸ்கார் ஜப்பானின் டொம்போ கம்பனியோடு சேர்ந்து, ரீட் தகட்டை மட்டும் மாற்றக்கூடிய ஹார்மோனிக்காவைக் கொண்டுவந்தார். கடைசியில் ஹோனரும் வழிக்கு வந்தது. 2005 இல் வந்த 'மரீன் பாண்ட் டீலக்ஸ்' இல் பூச்சுப் பூசிய சீப்பு இருந்தது, ஆணிக்குப் பதில் ஸ்குரூ இருந்தது. மேசையில் கண்டுபிடித்ததைத் தொழிற்சாலை கற்றுக்கொண்டது.

அந்த மேசை வேலை அப்படியென்ன பெரிய விசயம் என்று கேக்கலாம். அடிப்படை மூன்றுதான்.

முதலாவது, இடைவெளி. ரீட்டின் நுனி தகட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும். அதிகம் எழும்பினால் மூச்சு வீணாகும். மிகவும் தாழ்ந்தால், வேகமாக ஊதும்போது ரீட் அடைத்துக்கொள்ளும். ரீட்டின் தடிப்பளவு இடைவெளி என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. ஓவர்ப்ளோவுக்கு அதையும் குறைப்பார்கள்.

இரண்டாவது, ரீட் அசைகிற பள்ளத்தின் விளிம்பை உருண்டையான ஒரு கருவியால் மெல்ல அழுத்தி, காற்றுக் கசிவைக் குறைப்பது. கொஞ்சம் கூடினாலும் ரீட் உரசி நின்றுவிடும்.

மூன்றாவது, சுருதி. ரீட்டின் கீழே மெல்லிய தகட்டுத் துண்டொன்றை வைத்துக்கொண்டு, நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும். ஆணித்தலைப் பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்பி வராது. அதனால் பழைய, மலிவான ஒன்றில் கைபழகுங்கள்.

இதுக்கு முன்னால் செய்யவேண்டியதும் இருக்கு. இனிப்புப் போட்ட பிளேன்ரீ குடித்த வாயோடு ஊதாதீர்கள். வாசித்து முடிந்ததும் துளைகளைக் கீழே பிடித்து உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றுங்கள். பிளாஸ்ரிக் சீப்பென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவலாம். மரச் சீப்பை ஊறவிடக்கூடாது. சுரம் திடீரென்று நின்றுபோனால் அது செத்துப்போச்சு என்று அர்த்தமில்லை. பலநேரம் ஒரு நூல் துணுக்குத்தான் ரீட்டுக்குள் சிக்கியிருக்கும்.

திறக்கமுடியாத சாமான்கள் எங்களைச் சுற்றி நிறைய இருக்கு. போன் பற்றரியைக் கூட நாங்களே மாற்றமுடியாத காலம் இது. ஒரு மலிவான வாத்தியத்தைத் திறந்தவர்கள், செய்தவர்களுக்கே தெரியாத சுரங்களை அதற்குள்ளிருந்து எடுத்தார்கள். ஆகவே அடுத்த முறை கடையில் மவுத் ஓர்கனைக் கையில் எடுத்தால், பெயரையும் விலையையும் பார்த்தபின் மூடியின் ஓரத்தையும் பாருங்கள். ஸ்குரூ இருக்கா, ஆணி இருக்கா என்று.