கப்பலும் அல்ல, படகும் அல்ல

2005 டிசம்பரில் ஓரிரவு. செய்தி மேசையில் கடமையில் இருந்தேன். லண்டனிலிருந்து வந்த நீதிமன்றச் செய்தியொன்றைத் தமிழாக்க வேண்டியிருந்தது. அதில் வந்த ‘ஜெட் ஸ்கி’ என்பதற்கு என்ன எழுதுவது என்று தடுமாறினேன். வள்ளம், தோணி, ஓடம், கட்டுமரம், வத்தை என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளைப் போல் ஏறியமர்ந்து அலைமேல் பாயும் இந்தச் சாமானுக்கு அவற்றில் ஒன்றுமே பொருந்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், அன்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவுகட்டியதும் ஏறக்குறைய இதே கேள்விக்குத்தான்.

வழக்கின் சுருக்கம் இது. 2004 இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வெய்மத் துறைமுக வாயிலில் ஒருவர் யமஹா வேவ்ரனர் ஒன்றை வேகமாகச் செலுத்திவந்து, அசையாமல் நின்ற இன்னொரு வேவ்ரனர் மீது மோதினார். அதிலிருந்தவர் படுகாயமடைந்தார். கப்பல்களுக்கோ உயிர்களுக்கோ ஆபத்து விளைவிக்கும் கடலோடிகளைத் தண்டிக்கும் 1995 ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டத்தின் கீழ் வழக்குத் தாக்கலாகி, மோதியவருக்கு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பிரதம நீதியரசர் பிலிப்ஸ் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டப்படி கப்பல் என்பது கடற்பயணத்திற்குப் பயன்படும் கலம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போவதே பயணம். எங்கும் போகாமல் களிப்புக்காகச் சுற்றித் திரிவது பயணமாகாது. அது கடலோடும் கலமும் அன்று என்பது நீதிமன்றத்தின் நியாயம். 1992 இலேயே சிவில் வழக்கொன்றில் நீதிபதி ஷீன், ஜெட் ஸ்கி கப்பலும் அல்ல, படகும் அல்ல என்று கூறியிருந்தார். தர்க்கத்தில் குறை காண்பது கடினம். ஆனால் படுகாயமடைந்தவருக்கு அந்தத் தர்க்கத்தால் என்ன ஆறுதல்?

சட்டத்தைக் குழப்பிய இந்த யந்திரத்தின் பிறப்பு கடலில் நிகழ்ந்ததன்று, பாலைவனத்தில் நிகழ்ந்தது. அமெரிக்கரான கிளேட்டன் ஜேக்கப்சன் மோட்டார் சைக்கிள் பந்தயப் பிரியர். பாலை மண்ணில் விழுந்தெழுந்து அலுத்தவருக்கு, விழுந்தால் வலிக்காத தண்ணீரில் இப்படி ஓடினாலென்ன என்று தோன்றியதாம். 1965 இல் முதல் மாதிரியைச் செய்தார். 1968 இல் கனடாவின் பொம்பார்டியர் நிறுவனம் ‘சீ-டூ’ என்ற பெயரில் வெளியிட்டது விலைபோகவில்லை. நின்றபடி செலுத்தும் கவாசாகியின் ஜே.எஸ். 400 தான், 1973 அளவில், சந்தையில் நிலைத்தது. ஜெட் ஸ்கி என்பது உண்மையில் அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்த முதல் வண்டிகளில் ஓட்டுநர் விழுந்தால், யந்திரம் மெதுவாக வட்டமடித்து அவரிடமே திரும்பி வரும். எசமானைத் தேடிவரும் நாய்போல! பின்னாளில் வேகம் கூடியபோது இந்த ஏற்பாடு ஆபத்தாயிற்று. மணிக்கட்டிலோ உயிர்காப்பு அங்கியிலோ கொளுவும் கயிறு வந்தது. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு யந்திரம் நின்றுவிடும். எண்பதுகளின் பிற்பாதியில் யமஹாவின் வேவ்ரனர் இருவர் அமர்ந்து போகும் வசதியோடு வந்ததும், பழக்கமில்லாதவர்களும் ஏறத் தொடங்கினர்.

சில ஆண்டுகளின் பின் பெந்தோட்டைக்குப் போயிருந்தபோது, அங்கே கங்கையில் வாடகைக்கு விடும் இளைஞன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். “மாத்தயா, பயம் வந்தால் எல்லாரும் கையை விடுகிறார்கள். விட்டால் இது திரும்பாது” என்று சிங்களத்தில் சொன்னான். நான் நம்பவில்லை. பின்னர் படித்தபோதுதான் அவன் சொன்னதன் ஆழம் விளங்கியது. இதற்குச் சுக்கான் இல்லை. அடியில் உறிஞ்சிய நீரை உள்ளே சுழலும் விசிறி பின்புறக் குழாய்வழியே பீய்ச்சுகிறது. கைப்பிடியைத் திருப்பினால் திரும்புவது அந்தக் குழாயின் முனைதான். அக்சிலரேட்டரை விட்டதும் பீய்ச்சல் அடங்கிவிடும். திருப்பும் சக்தியும் போய்விடும். ஆனால் வேகம் போகாது. தரையில் வண்டியோட்டிப் பழகிய நாம் இடர் வந்தால் செய்வது வேகத்தைக் கைவிடுவது. இங்கே அப்படிச் செய்தவர் எதை விட்டு விலக நினைத்தாரோ, அதன்மீதே நேராகப் போய் மோதுகிறார். தூரத்திலேயே கண்டு, கொஞ்சம் விசை கொடுத்தபடியே திருப்ப வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1998 இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் உறுதிசெய்தது. ஏனைய உல்லாசப் படகு விபத்துகளில் மாள்பவர்களின் மரணத்திற்கு முதற்காரணம் மூழ்குதல். இதில் மட்டும் மோதலின் அடி. அக்சிலரேட்டரை விட்டபின்னும் திரும்பக்கூடிய ஏற்பாட்டையும் தடுப்பையும் ஆராயுமாறு சபை உற்பத்தியாளர்களைக் கேட்டது. 2009 இல் சீ-டூ தடுப்புப் பொருத்திய வண்டியை வெளியிட்டது. ஆனால் பழைய வண்டிகள் உலகெங்கும் வாடகைக் கரைகளில் ஓடிக்கொண்டே இருந்தன.

இங்கிலாந்துச் சட்டத்தின் ஓட்டை அடைபட 2005 இன் பின் 17 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2020 ஓகஸ்டில் வேல்ஸின் மெனாய் நீரிணையில் ஜெட் ஸ்கி ஒன்று காற்றடைத்த படகொன்றுடன் மோதியதில் பெண்ணொருவர் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2023 மார்ச் 31 இல் புதிய கட்டளை நடைமுறைக்கு வந்தது. ஆபத்தாகச் செலுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் வரம்பற்ற அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. இத்தகைய தீர்வுகளுக்கு ஒரு சாவு தேவைப்படுவதை என் தொழிலில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

அக்கட்டளையும் ஜெட் ஸ்கியைக் கப்பல் என்று சொல்லவில்லை. கப்பலோ மீன்பிடிக் கலமோ அல்லாத, தன் யந்திரத்தால் நீரில் ஓடக்கூடியவற்றுக்கென்று தனி வகையொன்றையே ஏற்படுத்தியது. அன்றிரவு நான் ‘நீர் ஸ்கூட்டர்’ என்று எழுதினேன். ஒப்புநோக்கியவர் அடித்துவிட்டு ‘விசைப்படகு’ என்று போட்டார். காலையில் பத்திரிகை அப்படியே வந்தது.