தேளுக்கு வீடு கட்டிய வரலாறு

தேளைக் கண்டால் செருப்பைத் தேடுவோரே நம்மில் பலர். ஆனால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்து, விளக்கும் கையுமாக இரவில் விழித்திருந்து அதன் வாழ்வைக் கவனித்தவர்களும் உண்டு. அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915).

தென்பிரான்சில் அவிஞோன் நகருக்கு எதிரே, ரோன் ஆற்றின் அக்கரையில், வெயில் காயும் குன்றுகள் உள்ளன. அங்கே கற்களுக்கு அடியில் பெரிய மஞ்சள் நிறத் தேள்கள் இருப்பதை ஃபாபர் தம் இளமையிலேயே கண்டிருந்தார். 1879-இல் செரிஞான் என்னும் சிற்றூரில் குடியேறினார். பின்னர், முதுமையில், அவற்றை வளர்த்துப் பார்க்க முனைந்தார்.

தேளைப் பிடிக்குமுன் அதன் இருப்பிடத்தை நன்றாக ஆராய்ந்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தம் தோட்டத்தில் சிறு குழிகள் தோண்டி, குன்றில் இருந்ததைப் போன்ற மணற்பாங்கான மண்ணை நிரப்பினார். வளை தோண்டும்போது சரிந்துவிடாதபடி அதை இலேசாக அழுத்தினார். ஒரு சிறு வாசலும் அமைத்து, மேலே தட்டைக் கல்லை வைத்தார். வாசலில் விடப்பட்ட தேள் தன் பழைய வீட்டைக் கண்டதுபோல் உள்ளே நுழைந்தது! பிறகு கால்களால் மண்ணைக் கிளறி, வாலால் பின்னே ஒதுக்கி, வளையைப் பெரிதாக்கிக் கொண்டது. கொடுக்குகளை இந்த வேலைக்கு அது பயன்படுத்தவே இல்லை.

வீட்டினுள்ளும் பெரிய மண்சட்டிகளில் சலித்த மணலைப் பரப்பி, உடைந்த பூந்தொட்டி ஓடுகளைக் கூரையாகப் புதைத்தார். பின்னர் கண்ணாடிக் கூண்டு ஒன்றும் அமைத்தார். 1904-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஆண் தேள் பெண் தேளின் கொடுக்குகளைப் பற்றி, பின்னோக்கி நடந்தபடியே ஓட்டுக்கு அடியில் அழைத்துச் செல்லும் காட்சியை விளக்கொளியில் கண்டு எழுதினார்.

இந்த முறை ஏன் பலித்தது? அதற்கான விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் வாழும் பெரிய தேளைப் பற்றி நீல் ஹாட்லி என்னும் ஆய்வாளர் 1970-இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். தேளின் உடலுறையில் மெழுகு போன்ற கொழுப்புப் படலம் உள்ளது. இதனால் தோல் வழியே வெளியேறும் நீர் மிகக் குறைவு. தேவையான நீரில் பெரும்பகுதி இரையின் உடலிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஆயினும் கடும் வெப்பத்தில் இந்தக் காப்பு போதாது. பகலில் வளைக்குள் வெப்பம் குறைவு. ஈரப்பதமோ வெளிக்காற்றில் உள்ளதைவிட அதிகம். ஆகவே பாலைவனத் தேள் பகலைக் கழிப்பது நம் கண்ணுக்குத் தெரியும் பாலைவனத்தில் அன்று; அதற்கு அடியிலுள்ள மண்ணில்.

இதை உணராத வளர்ப்போர் இருவகைத் தவறுகள் செய்கின்றனர். சிலர் பெட்டியில் உலர்ந்த மணலை மட்டும் மெல்லியதாகப் பரப்புகின்றனர். அதில் வளை நிற்காது. தேளுக்கு ஒதுங்க இடமில்லை. வேறு சிலர் இரக்கப்பட்டு எங்கும் நீர் தெளித்து மூடிவிடுகின்றனர். காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சணமும் சிற்றுண்ணிகளும் பெருகி, தேள் மடிய நேரிடும். மணலுடன் களிமண் கலந்து, நனைத்து, ஆழமாக அழுத்தி, மேற்பரப்பைக் காயவிட வேண்டும். அடியில் ஒரு மூலையில் மட்டும் சிறிது ஈரம் இருந்தால் போதும். அப்போது தேள் தனக்கு ஏற்ற இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். தோலுரிக்கும் பருவத்திலுள்ள குஞ்சுகளுக்கு இந்த வசதி மிகவும் தேவை.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டுத் தேள் பிடிக்கப் புறப்பட வேண்டாம். நம் நாட்டுச் செந்தேளின் நஞ்சு உயிருக்கே ஆபத்தானது. குறிப்பாகக் குழந்தைகள் பலர் அதனால் இறந்திருக்கின்றனர். ஃபாபரிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. ஓர் உயிரை வளர்க்க விரும்புபவர் முதலில் அது வாழும் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.