மதுரை வட்டாரத்தில் வணிகப் பயணிகளின் தங்குமிடங்கள்

மதுரை நகருக்கும் அதைச் சூழ்ந்த சமவெளிக்கும் கோயிலைக் காண வருவோரைப் போலவே, சரக்கு விற்கவும் கொள்முதல் செய்யவும் பாக்கி வசூலிக்கவும் வருவோர் தொன்றுதொட்டு இருந்துவருகின்றனர். இவர்கள் தங்கிய இடங்கள் சத்திரம், பேட்டை, லாட்ஜ், நட்சத்திர ஓட்டல் எனக் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அறையில் கட்டிலும் தொலைக்காட்சியும் இருக்கின்றன, எழுத மேசையோ உட்கார நாற்காலியோ இல்லை என்பது இன்றைய வணிகப் பயணிகளின் முதன்மையான குறைகளுள் ஒன்று. பழைய தங்குமிடங்களிலும் மேசை இருந்ததில்லை. ஆயினும் அங்கே கணக்கு எழுதத் தடை இருக்கவில்லை. இந்த வேறுபாடு உருவான வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

இலக்கியச் சான்று

மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இயங்கியதை மதுரைக்காஞ்சி கூறுகிறது. அந்த அங்காடிகளை நம்பி வெளியூரிலிருந்து வந்தவர்களுள் தமிழர் அனைவரும் அறிந்தவன் சிலப்பதிகாரத்தின் கோவலன். புகாரில் பொருளை இழந்த அவன், கண்ணகியின் சிலம்பை விற்று அதை முதலாகக் கொண்டு வணிகம் தொடங்கவே மதுரைக்கு வந்தான். முதலில் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கிய இருவரையும் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆய்ச்சியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரி தந்த சிறு வீட்டில் கோவலன் அமர்ந்து உண்ட இருக்கை, பனையோலையால் முடைந்த தவிசு. காப்பியம் தனித்துக் குறிப்பிடும் இருக்கை அதுதான்.

அக்காலத்தில் எழுதுவதற்கு மேசை தேவைப்படவில்லை. ஓலையை இடக்கையில் பிடித்து, வலக்கையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். நடந்துகொண்டிருப்பவர்கூட நின்று எழுதலாம். தங்குமிடத்திலிருந்து பயணி எதிர்பார்த்தவை கூரை, தண்ணீர், சமைக்க அடுப்பு, படுக்கத் தூய்மையான தரை ஆகியவையே.

சாலையும் சத்திரமும்

தமிழகச் சாலைகளில் பயணிக்கென அமைந்த மிகப் பழைய ‘தளவாடம்’ சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே வைத்து அமைக்கப்படும் இதன் உயரம், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி, மீண்டும் ஏற்றிக்கொள்ளும் அளவில் இருக்கும். பயணி செய்யும் வேலையை அறிந்து அளவெடுத்துச் செய்த அமைப்பு இது. வீடுகளின் தெருத் திண்ணையும் வழிப்போக்கர் உட்காரவும் படுக்கவும் மூட்டையை வைக்கவும் பயன்பட்டது.

மதுரை நாயக்கர் மரபில் 1689 முதல் 1706 வரை பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள், சாலைகளாலும் சத்திரங்களாலும் நினைவுகூரப்படுபவர். தென் மாவட்டங்களில் பழைய சாலைகள் சில இன்றும் மங்கம்மாள் சாலை என்றே அழைக்கப்படுகின்றன. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சத்திரத்தில் தூண்கள் உள்ள கூடம், கிணறு, சமையலிடம் ஆகியவை இருக்கும். ஜமுக்காளம், செம்பு, மாற்றுத்துணி ஆகியவற்றைப் பயணியே கொண்டுவருவார். இவற்றின் செலவுக்கு ஊர்களும் நிலங்களும் மானியமாக விடப்பட்டிருந்தன. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, கோயில்களுடன் சத்திரங்களின் மானியங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பின்னர்ப் பல சத்திரங்கள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்புக்கு வந்தன.

சத்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. பல சத்திரங்களில் இடமும் உணவும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சில சாதியினர் வாசலுக்கு அப்பால் செல்ல முடியவில்லை.

வணிகர் தாமே அமைத்த இடங்கள்

பொது இடங்களை நம்ப முடியாத வணிகர்கள் தமக்கான இடங்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். இவ்வட்டாரத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நாடார் வணிகர்களின் பேட்டைகள். கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றைப் பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் ஏற்றிச் சென்ற இவர்கள், வழிப்பறியிலிருந்து சரக்கைக் காக்க மதில் சூழ்ந்த வளாகங்களை எழுப்பினர். வண்டி நிறுத்தவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் சரக்கை அடுக்கவும் இரவு படுக்கவும் அங்கே இடம் இருந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களை மையமாகக் கொண்டு இவ்வணிகம் வளர்ந்தது. சரக்கின் மீது தண்டிய மகமை உறவின்முறையின் பொதுநிதியானது. விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்யாசாலை இத்தகைய நிதியில் வளர்ந்த பள்ளியாகும்.

மதுரைக்குக் கிழக்கே காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியைச் சேர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், கடல் கடந்தும் இம்முறையைக் கொண்டுசென்றனர். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் அவர்கள் தொழில் நடத்திய நீண்ட கட்டடம் கிட்டங்கி எனப்பட்டது. அதில் ஒவ்வொரு கடைக்கும் சுவரோரமாகச் சிறு இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே ஒரு பாய், ஓர் அலமாரி அல்லது இரும்புப்பெட்டி, சாய்வான மூடியுள்ள குட்டையான மேசைப்பெட்டி ஆகியவை இருந்தன. பகலில் சம்மணமிட்டு அமர்ந்து வரவுசெலவு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தனர். சமையல் பொதுவாக நடந்தது. மூன்றாண்டுத் தவணையில் சென்ற ஏஜெண்டுகள் பலர் அக்காலம் முழுவதையும் இவ்வளவு இடத்திலேயே கழித்தனர்.

காகிதப் பேரேடு வந்தபின் எழுதுவதற்குத் தளம் தேவைப்பட்டது. அந்தத் தேவையை மேசைப்பெட்டி நிறைவேற்றியது. மூடியின் மேல் எழுதலாம், உள்ளே மையும் பேனாவும் பத்திரங்களும் வைக்கலாம், தூக்கிச் செல்லலாம். அதைப் பயன்படுத்தத் தேவைப்பட்டது காலியான தரை மட்டுமே.

முசாபரி பங்களா

ஆங்கிலேயர் ஆட்சியில் முக்கிய சாலைகளில் பயணியர் மாளிகைகள் கட்டப்பட்டன. மக்கள் அவற்றை முசாபரி பங்களா என்றனர். ‘முசாபர்’ என்பது பயணியைக் குறிக்கும் அரபுச் சொல். கட்டில், மேசை, நாற்காலி, குளியல் தொட்டி ஆகியவை இங்கே அறையின் இயல்பான பொருள்கள். வராந்தாவில் நீண்ட கைகள் உள்ள சாய்வு நாற்காலி கிடக்கும். இவற்றின் இலக்கு, சுற்றுப்பயணம் செய்யும் ஐரோப்பிய அதிகாரி. அவர் மாலையில் அறிக்கை எழுதுவார் என்பதை அரசு அறிந்திருந்தது. பங்களா இல்லாத ஊர்களில் கூடாரத்துடன் மடக்கு மேசையும் வண்டியில் வந்தது.

இவ்வட்டாரத்தில் தங்கும் அறைக்குள் மேசை வந்தது இவ்வாறு, எழுதுவதே தொழிலான அரசு அலுவலரை முன்னிட்டு. அதே சாலையில் வந்த புகையிலை வியாபாரிக்கும் எழுத வேண்டியிருந்தது. அவர் பேட்டையிலோ சத்திரத்திலோ தம் பெட்டியின் மேல் எழுதினார்.

ரயிலும் லாட்ஜும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து ரயில்பாதை 1875-இல் மதுரையை அடைந்தது. மறு ஆண்டு தூத்துக்குடி வரை நீண்டது. 1890-களில் ஹார்வி ஆலையும், 1920-களில் மீனாட்சி மில்லும் நகரைப் பஞ்சாலை நகராக்கின. சிவகாசியின் தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள், திண்டுக்கல்லின் புகையிலையும் பூட்டும், போடிநாயக்கனூரின் ஏலக்காய், விருதுநகரின் பருப்பு, எண்ணெய்ச் சந்தை எனப் பல தொழில்களுக்கு மதுரை வந்துபோகும் ஊராயிற்று. மாதிரிப் பெட்டியும் ஆர்டர் புத்தகமும் கொண்ட புதிய பயணி உருவானார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இத்தகைய ஊழியர்களின் பணிநிலைக்கென நடுவண் அரசு 1976-இல் தனிச் சட்டம் இயற்றியது.

ரயில் நிலையத்தை அடுத்த டவுன்ஹால் சாலை, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி முதலிய தெருக்களில் லாட்ஜுகள் பெருகின. வாடகை கொடுப்பவருக்குச் சாவி என்பதே லாட்ஜின் அடிப்படை. சாதி கேட்கும் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் நுழைய சாதி, சமயம் முதலியவற்றின் பேரில் தடை கூடாது என்றது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓட்டல்களையும் தர்மசாலைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சத்திரத்தின் வாசலில் நின்றவர்களுக்கு அறை கிடைப்பதே பெரும் மாற்றமாக இருந்தது. அறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பின்பே எழுந்தது.

மேசை இல்லாமற் போனதன் காரணங்கள்

மதுரை லாட்ஜுகளின் பெரும்பான்மை வாடிக்கையாளர்கள் குடும்பங்கள்: மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருவோர், சித்திரைத் திருவிழாவுக்கு வருவோர், கல்யாண வீட்டார், இராமேசுவரத்துக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வழியில் ஓரிரவு தங்குவோர். இவர்கள் கேட்பது கூடுதல் படுக்கை. எனவே அறைகள் ‘டபுள்’, ‘டிரிபிள்’ எனக் கட்டில் கணக்கிலேயே பெயர் பெற்றன.

இடக்கணக்கும் இதற்குத் துணை நின்றது. பத்துக்குப் பத்து அடி அறையின் பரப்பு நூறு சதுர அடி. இருவர் படுக்கும் கட்டில் ஏறத்தாழ 30 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். கதவு திறக்கவும் குளியலறைக்குச் செல்லவும் கட்டிலைச் சுற்றி நடக்கவும் வழி விட்டால், மிஞ்சுவது ஒரு மூலை. மூன்றடி மேசையும், நாற்காலியைப் பின்னால் இழுக்க இடமும் சேர்ந்தால் 12 சதுர அடியாவது வேண்டும். அதே மூலையில் அலமாரியையோ மூன்றாம் படுக்கையையோ வைப்பது உரிமையாளருக்கு இலாபம்.

இதில் இழப்பு இரண்டு. கட்டில் அறையை நிரப்பியதால் பெட்டியை வைத்து எழுதிய தரை போயிற்று. வராந்தாவும் திண்ணையும் இல்லாததால் உட்கார்ந்து பேசும் இடமும் போயிற்று. பங்களாவிலிருந்து லாட்ஜுக்குக் கட்டில் வந்தது, மேசை வரவில்லை. சத்திரத்தின் வெறுந்தரையில் வேலை செய்ய முடிந்த வணிகருக்கு, சாமான் நிறைந்த அறையில் வேலை செய்ய இடமில்லாமல் ஆனது இவ்வாறுதான்.

அரசின் அளவுகோல்களும் பெரும்பாலும் வாடகையையே நோக்கின. தமிழ்நாட்டில் 1981-இன் ஆடம்பர வரிச் சட்டமும், 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியும் அறைகளை வாடகைப்படியே வகுத்தன. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதி வரையறைகள் அறையின் பரப்பையும் தளவாடங்களையும் பட்டியலிடுகின்றன. ஆனால் அத்தகுதியைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் விருப்பம். சாதாரண லாட்ஜுகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ளன.

பிற நாடுகளில்

19-ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய விடுதிகளில் சுற்று வணிகர்களுக்கென ஒரு பொது அறை ஒதுக்கப்பட்டு, எழுதுமேசைகள் போடப்பட்டிருந்தன. அமெரிக்காவில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908-இல் பஃபலோ நகரில் திறந்த ஓட்டல், நடுத்தர வாடகைக்கு ஒவ்வோர் அறையிலும் தனிக் குளியலறை தந்து புகழ்பெற்றது. எழுதுமேசையும் எழுதுதாளும் அங்கே அறையின் பகுதிகள். விற்பனையாளர்களே தம் நிலையான வாடிக்கையாளர் என்பதை அவர் அறிந்திருந்தார். நூறாண்டுக்குப் பின், 2015-ஐ ஒட்டி, அங்கேயே ஒரு பெரிய ஓட்டல் குழுமம் இளைஞர்கள் மடிக்கணினியைப் படுக்கையிலும் முகப்புக் கூடத்திலும் பயன்படுத்துகிறார்கள் எனக் கருதி, சில அறைகளிலிருந்து மேசையை எடுத்தது. வணிகப் பயணிகள் கடுமையாக எதிர்த்தனர்.

அண்மைக் காலம்

2004 சூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபின், கட்டுகளுடன் வரும் வழக்கறிஞர்களும் வழக்காடிகளும் பயணிகளின் எண்ணிக்கையைக் கூட்டினர். 2018 முதல் சரக்கு அனுப்புவோர் மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அன்றாட விற்பனை அறிக்கை, ரசீது, ஆர்டர் எல்லாம் இரவில் அறையில் முடிக்க வேண்டிய வேலைகளாயின. மேசை இல்லாத அறையில் பயணி தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கணினியை வைக்கிறார். மின்செருகி கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தால் தரையில் உட்காருகிறார். வாரத்தில் நான்கைந்து இரவு இப்படிக் குனிந்திருப்பவருக்கு இது முதுகுவலியாகவும் கழுத்துவலியாகவும் முடிகிறது. வரவேற்பு மேசையில் கேட்டால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரக்கூடும்.

பெரிய செலவில்லாத தீர்வுகள் உள்ளன. சுவரில் கீல் போட்டு மடக்கும் பலகை, அதன் அருகே ஒரு மின்செருகி, அடுக்கி வைக்கும் நாற்காலி, மாடிக்கு ஒரு பொது எழுதுமேசை ஆகியவை சிறிய லாட்ஜுக்கும் இயலக்கூடியவை. மேசைப்பெட்டியும் அடிப்படையில் இத்தகைய சிக்கன அமைப்பே.

தங்குமிடம் குறித்த விதிகள் பயணியின் வேலையைக் கணக்கில் கொள்ள முடியும் என்பதற்கு அண்மை எடுத்துக்காட்டும் உண்டு. ஓட்டல் வாசலில் காருக்குள்ளேயே உறங்கிய ஓட்டுநர்களுக்காக, 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் படுக்கையும் கழிப்பறையும் கொண்ட தங்குகூடம் அமைக்க வேண்டும் என்றது. இரவு முழுதும் விழித்து வண்டி ஓட்டியவருக்கு உறக்கம் தேவை என்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டது. பகல் முழுதும் கடை கடையாக ஏறி இறங்கியவர் இரவில் கணக்கு எழுத வேண்டும் என்பதை ஏற்கும் விதி இன்னும் வரவில்லை.