355-க்கு 169: தோத்தவர் கையில் ஒரு எண்

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி. அந்த வார்த்தை, 'ஒருமனதாக'.

செய்தியில நீங்க இதை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? "கட்சியின் புதிய தலைவராக இன்னார் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்." சால்வை, மாலை, பட்டாசு. அதோட செய்தி முடிஞ்சுது. எனக்கு மட்டும் அங்கதான் ஒரு கேள்வி ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற ஒரு கட்சியில, ஒரே ஒரு ஆள்கூட வேற பேர் சொல்லலையா? சொன்னாங்கன்னா, அந்தக் குரல் எங்க போச்சு?

இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டு வரலாற்றுலயே ஒரு நல்ல பாடம் இருக்கு. ஒரே கட்சி, 20 மாச இடைவெளியில, ரெண்டு தடவை ஒரு பிரதமரைத் தேடுது. ஒரு தடவை வாக்கெடுப்பு இல்லை. அடுத்த தடவை வாக்கெடுப்பு நடந்தது. ரெண்டு தடவையும் கட்சித் தலைவர் நாற்காலியில இருந்தவர் ஒரே ஆள், நம்ம காமராஜர்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம்

காங்கிரஸ்ல அப்போ ரெண்டு 'தலைவர்' இருந்தாங்க. ஒருத்தர் கட்சித் தலைவர். மாநிலங்கள்ல இருந்து வர்ற பிரதிநிதிகள் அவரைத் தேர்ந்தெடுக்கணும். இன்னொருத்தர் நாடாளுமன்றக் கட்சித் தலைவர். மக்களவை, மாநிலங்களவை ரெண்டுலயும் இருக்கிற கட்சி எம்.பி.க்கள் இவரைத் தேர்ந்தெடுக்கணும். ஆளுங்கட்சியா இருந்தா, இந்த ரெண்டாவது ஆள்தான் பிரதமர். அரசியல் சட்டத்துல இதுக்கு வழிமுறை எதுவும் கிடையாது. குடியரசுத் தலைவர் பிரதமரை நியமிப்பார்னு மட்டும்தான் இருக்கு. கட்சி எப்படி ஆளைத் தேடுதுங்கிறது முழுக்க கட்சியோட பாடு.

நேரு இருந்த வரைக்கும் இந்தக் கேள்வியே எழல. அதனால 1964 வரைக்கும் யாருக்கும் இதுல அனுபவமும் இல்லை.

1964: எண்ணிக்கை ஒருத்தர் மனசுல

1964 மே 27. நேரு காலமானார். அன்னைக்கே குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமரா பதவியேற்றார். சீனாவோட போர் நடந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. நேரு உயிரோட இருக்கும்போதே, 'நேருவுக்குப் பிறகு யார்?'னு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் எழுத ஆரம்பிச்சிருந்தாங்க. இந்தியா சிதறிப்போகும்னு கணிச்சவங்களும் உண்டு.

களத்துல ரெண்டு பேர். ஒருத்தர் மொரார்ஜி தேசாய். பம்பாய் மாநில முதலமைச்சரா இருந்தவர், மத்திய நிதியமைச்சரா இருந்தவர். கறார் பேர்வழி. இன்னொருத்தர் லால் பகதூர் சாஸ்திரி. உள்துறை அமைச்சரா இருந்தவர், மென்மையானவர், எதிரிகள் குறைவு.

இவங்க ரெண்டு பேருமே 1963-ல காமராஜர் திட்டத்துல பதவி விலகினவங்க. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுட்டுக் கட்சி வேலைக்குப் போகணும்ங்கிறதுதான் அந்தத் திட்டம். ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினாங்க. காமராஜரும் சென்னையில முதலமைச்சர் பதவியை விட்டுட்டு, 1964 ஜனவரியில அகில இந்தியக் கட்சித் தலைவர் ஆனார். சாஸ்திரியை அதே ஜனவரியில நேரு அமைச்சரவைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டார். மொரார்ஜியைக் கூப்பிடலை. தன்னை ஓரங்கட்டத்தான் அந்தத் திட்டமே வந்ததுன்னு மொரார்ஜி நினைச்சதுல ஆச்சரியமில்லை.

இப்போ வாக்கெடுப்பு வைக்கலாமா? வேண்டாம்னு முடிவாச்சு. காரியக் கமிட்டி அந்தப் பொறுப்பைக் காமராஜர்கிட்ட ஒப்படைச்சது. எல்லார்கிட்டயும் பேசி, பெரும்பாலானவங்க விருப்பம் என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதை ஏத்துக்கிறோம்னு. அவரும் முதலமைச்சர்கள், காரியக் கமிட்டி உறுப்பினர்கள், எம்.பி.க்கள்னு வரிசையா சந்திச்சுப் பேசினார். வாக்குச்சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. கணக்கு முழுக்க அவர் மனசுல.

ஜூன் 2-ஆம் தேதி முடிவு வந்தது: சாஸ்திரி. கட்சி எம்.பி.க்கள் கூட்டத்துல நந்தா முன்மொழிஞ்சார். வழிமொழிஞ்சவர் யார் தெரியுமா? மொரார்ஜி தேசாய். ஒருமனதாகத் தேர்வு. நேரு இறந்து ஆறே நாள். ஒரு சின்ன சலசலப்புகூட இல்லாம நாடு அடுத்த பிரதமரைப் பார்த்துச்சு.

இதைக் குறைச்சு மதிப்பிடக் கூடாது. அன்னைக்கு இருந்த பயத்துக்கு, இது ரொம்பப் பெரிய சாதனை. ஆனா நம்ம கேள்வியை இங்க கேட்டுப் பாருங்க. மொரார்ஜிக்கு எத்தனை பேர் ஆதரவு? நூறா? இருநூறா? வாக்கெடுப்பு நடக்காததால, எல்லாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு எண்ணே உருவாகலை. 'பெரும்பாலானவங்க விருப்பம்' சாஸ்திரிதான்னு காமராஜர் சொன்னார். அவர் மேல கட்சிக்கு இருந்த நம்பிக்கைதான் அதுக்கு ஒரே சாட்சி.

அப்போ, ஒருமனதுன்னா எண்ணிக்கையே இல்லைன்னு அர்த்தமில்லை. எண்ணினது ஒரே ஒரு ஆள்னு அர்த்தம்.

வாக்கெடுப்பு தெரியாதவரா காமராஜர்?

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். ஏன்னா காமராஜரே ஒரு உட்கட்சித் தேர்தல்ல ஜெயிச்சு முதலமைச்சர் ஆனவர்தான்.

1954. புதிய கல்வித் திட்டத்துக்கு, அதாவது 'குலக்கல்வி'ன்னு எதிர்க்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு, கடும் எதிர்ப்பு. ராஜாஜி முதலமைச்சர் பதவியில இருந்து விலகுறார். சென்னை மாகாண காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கணும். காமராஜருக்கு எதிரா, ராஜாஜி தரப்பு ஆதரவோட சி. சுப்பிரமணியம் நின்னார். அவர் பேரை முன்மொழிஞ்சவர் பக்தவத்சலம். முடிவு: காமராஜர் 93, சுப்பிரமணியம் 41.

ஜெயிச்சதும் காமராஜர் என்ன பண்ணார்? சுப்பிரமணியம், பக்தவத்சலம் ரெண்டு பேரையும் தன் அமைச்சரவையில சேர்த்துக்கிட்டார். இதை நாம பொதுவா 'பெருந்தன்மை'ன்னு மட்டும்தான் சொல்வோம். பெருந்தன்மை இருந்தது, மறுக்கலை. ஆனா அந்த 41-ஐயும் பாருங்க. தோத்த தரப்புக்குப் பின்னாடி எத்தனை பேர்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அவங்களை விட்டுட்டு ஆட்சி நடத்துறது சிரமம்னும் தெரிஞ்சிருந்தது.

1966: எண்ணிக்கை எல்லார் கையிலும்

திரும்ப டெல்லிக்கு வருவோம். 1966 ஜனவரி 11. பாகிஸ்தானோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு, சாஸ்திரி தாஷ்கண்ட்ல காலமானார். நந்தா மறுபடியும் தற்காலிகப் பிரதமர். காமராஜர் மறுபடியும் ஆள் தேடணும்.

"நீங்களே வாங்க"ன்னு சில தலைவர்கள் காமராஜரையே கேட்டாங்க. இந்தியும் சரியா வராது, இங்கிலீஷும் சரியா வராது, நான் எப்படின்னு அவர் மறுத்துட்டதா சொல்வாங்க. அவர் மனசுல இருந்த பேர் இந்திரா காந்தி. அப்போ தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர். சொந்த அணி கிடையாது. அதனால சொல்பேச்சு கேட்பாங்கன்னு மூத்த தலைவர்கள் சிலர் கணக்குப் போட்டாங்க. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா 'ஊமை பொம்மை'ன்னே கிண்டல் பண்ணார்.

இன்னொரு கணக்கும் இருந்தது. 1967-ல பொதுத் தேர்தல். நாடு முழுக்கத் தெரிஞ்ச முகம் வேணும். முதலமைச்சர்கள் ஒவ்வொருத்தரா இந்திராவுக்கு வெளிப்படையா ஆதரவு சொன்னாங்க. மாநிலத்துல யாருக்கு சீட்டுங்கிறதுல முதலமைச்சர் சொல்றது எடுபடும் இல்லையா? எம்.பி.க்களுக்கு அந்த சமிக்ஞை நல்லாவே புரிஞ்சிருக்கும்.

ஆனா இந்த தடவை மொரார்ஜி ஒத்துக்கலை. பேசித் தீர்க்கிற வேலை வேண்டாம், வாக்கெடுப்பு வைங்கன்னு நின்னுட்டார்.

1966 ஜனவரி 19. நாடாளுமன்ற மைய மண்டபம். காங்கிரஸ் எம்.பி.க்கள் வரிசையா வந்து ரகசிய வாக்குச்சீட்டு போட்டாங்க. பிரதமர் யாருன்னு முடிவு பண்ண இந்தியாவுல நடந்த முதல் உட்கட்சி வாக்கெடுப்பு இதுதான். இந்திரா காந்தி 355. மொரார்ஜி தேசாய் 169.

186 வாக்கு வித்தியாசம். தெளிவான வெற்றிதான். ஆனா இன்னொரு பக்கத்துல இருந்து பாருங்க. கட்சித் தலைவர் ஒரு பக்கம், முதலமைச்சர்கள் ஒரு பக்கம்னு இவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தரைக் கை காட்டின பிறகும், மூணுல ஒருத்தர் கிட்டத்தட்ட "இல்லை"ன்னு போட்டிருக்காங்க. கையைத் தூக்கச் சொல்லியிருந்தா இந்த 169 பேரும் தூக்கியிருப்பாங்களா? எனக்கு சந்தேகம்தான். ரகசியச் சீட்டு இருந்ததாலதான் அந்த எண் வெளிய வந்தது.

அந்த 169 என்ன ஆச்சு?

ஒரு வருஷம் தள்ளிப் போவோம். 1967 தேர்தல்ல காங்கிரஸ் 520-ல 283 இடம்தான் பிடிச்சது. தமிழ்நாட்டுல ஆட்சியே போச்சு. விருதுநகர்ல காமராஜரே தோத்துட்டார். மறுபடியும் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் யாருங்கிற கேள்வி. மறுபடியும் மொரார்ஜி களத்துல.

இந்த தடவை வாக்கெடுப்பு நடக்கலை. சமரசம் நடந்தது. இந்திரா ஒருமனதாகத் தலைவர். மொரார்ஜி துணைப் பிரதமர், நிதியமைச்சர்.

1964 ஒருமனதுக்கும் 1967 ஒருமனதுக்கும் வித்தியாசம் புரியுதா? 1964-ல மொரார்ஜி விட்டுக்கொடுத்தார். சாஸ்திரி அமைச்சரவையில அவர் இல்லை. 1967-ல அவர் விட்டுக்கொடுத்தப்போ துணைப் பிரதமர் பதவி கிடைச்சுது. நடுவுல மாறினது என்ன? தேர்தல்ல கட்சி பலவீனமானது ஒரு காரணம், நிச்சயமா. இன்னொரு காரணம் அந்த 169. அவர் பின்னாடி எவ்வளவு பேர்னு இப்போ யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வர்றது இதுதான். தலைவர் தேர்தல்னா ஜெயிக்கிறவருக்காக நடக்கிறதுன்னு நாம நினைக்கிறோம். ஜெயிக்கிறவருக்கு அது ஒரு சடங்காக்கூட இருக்கலாம். தோக்கிறவருக்குத்தான் அது நிஜமா தேவை. அவருக்கு ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வச்சு அவர் கட்சிக்குள்ளேயே இருந்து பேச முடியும். எண் இல்லாதவருக்கு ரெண்டே வழி. ஒண்ணு வாயை மூடிக்கணும், இல்ல வெளிய போகணும்.

எண் எப்பவும் உதவுமா?

இல்லை. அதையும் சொல்லணும். 2000-ல காங்கிரஸ் தலைவர் தேர்தல்ல சோனியா காந்திக்கு 7,448 வாக்கு. எதிர்த்து நின்ன ஜிதேந்திர பிரசாதாவுக்கு 94. இந்த மாதிரி எண் தோத்தவருக்கு பலம் கொடுக்காது, விவாதத்தையே மூடிடும்.

2022-ல மறுபடியும் போட்டி. மல்லிகார்ஜுன கார்கே 7,897. சசி தரூர் 1,072. பெரிய வித்தியாசம்தான். ஆனா 1,072-ங்கிறது 94 இல்லை. அடுத்த வருஷமே தரூர் காரியக் கமிட்டிக்குள்ள வந்தார். இந்தத் தேர்தலுக்கு முன்னாடி கட்சிக்குள்ளேயே சில எம்.பி.க்கள் கேட்டது ஞாபகம் இருக்கா? "வாக்காளர் பட்டியலை வெளியிடுங்க." ரொம்ப நியாயமான கேள்வி. யார் ஓட்டுப் போடப்போறாங்கன்னு தெரியாம, போட்டியிடுறவர் யார்கிட்ட போய் ஆதரவு கேட்பார்?

இது காங்கிரஸ் கதை மட்டும் இல்லை. நம்ம பக்கத்துலயும் டெல்லியிலயும் பெரும்பாலான கட்சிகள்ல தலைவர் 'போட்டியின்றி'தான் வர்றார். நாளைக்கு அப்படி ஒரு செய்தி உங்க போன்ல வந்தா, மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. ஓட்டுப் போடுற உரிமை யாருக்கு இருந்தது? வேற ஒருத்தர் நிக்க நினைச்சிருந்தா நிக்க முடிஞ்சிருக்குமா? நின்னு தோத்திருந்தா, அடுத்த நாள் அவர் அதே கட்சியில இருந்திருக்க முடியுமா? மூணாவது கேள்விக்குப் பதில் 'ஆமா'ன்னா, அந்த ஒருமனதை ஓரளவு நம்பலாம்.

சரி, 'சொல்பேச்சு கேட்பாங்க'ன்னு போட்ட கணக்கு என்ன ஆச்சு? 1969 ஜூலையில மொரார்ஜிகிட்ட இருந்து நிதித்துறையை இந்திரா எடுத்துக்கிட்டார். மொரார்ஜி பதவி விலகினார். சில நாள்லயே 14 வங்கிகள் தேசியமயம். நவம்பர்ல கட்சி இந்திராவையே வெளியேத்துச்சு. காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சது. காமராஜரும் மொரார்ஜியும் ஒரே அணியில, தான் தேர்ந்தெடுத்த தலைவருக்கு எதிரா காமராஜர். அது எப்படி நடந்ததுங்கிறது ஒரு தனிக் கதை. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.